மோட்டார் போடச் சொல்லும் நான்கு குரல்கள்

கிளியனூர் விவசாயி வீரமுத்து பாட்டு, ஆர்மோனியம், டோலக், ஜால்ரா நான்கையும் தானே, நாளுக்கு ஒன்றாக, நான்கு டிராக் ரெக்கார்டரில் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்தார். கரண்ட் வந்ததும் ரெக்கார்டரைப் போடுவார். அதே நொடியில் அவர் மனைவி தமிழ்ச்செல்வி கத்துவார். அந்தச் சத்தம் வீரமுத்து காதில் ஏறுவது நின்று வருஷக்கணக்காகிறது.

மிக்சிங் செய்ய நான்கையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஒன்றாக ஓடவிட்டார். எடுத்த எடுப்பில் நான்கு தமிழ்ச்செல்விகள் சேர்ந்து கத்தினார்கள்: "யோவ், கரண்டு வந்துடுச்சி, மோட்டாரைப் போடு!"

தலையில் அடித்துக்கொண்டு வீரமுத்து அதை அழிக்கப் போனார். பின்னால் நின்ற தமிழ்ச்செல்வி தடுத்தார்.

"பாட்டுல நல்லா இருக்கறதே அது ஒண்ணுதான். மூணாவதுல மட்டும் இழுத்துட்டேன். நாளைக்கு கரண்டு வந்ததும் நீ வாசிச்சிக்கினு இரு, நான் மறுபடி கத்துறேன்."

"அப்ப மோட்டாரு?"

"அது கெடக்குது."