வாள் யாரை வெட்டியது என்று எழுதாதீர்கள்

டெல்லி ஜனக்புரியில் அவரை அவர் வீட்டில்தான் சந்தித்தேன். பழைய ஆயுதங்களைச் சேகரிக்கும் தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்திவந்தார். ஒல்லியான மனிதர். யார் எது அனுப்பினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்துப் படித்த பிறகே குழுவில் விடுவார். ஆயுதத்தை எப்படிச் செய்தார்கள் என்று எழுதலாம். அது யாரை வெட்டியது என்று எழுதக் கூடாது. அதுதான் விதி.

அன்று காலை ஒரு பெரிய சேகரிப்பாளர், தன் வாள் எந்தச் சாதிக்காரர்களை விரட்டியது என்று பெருமையாக எழுதி அனுப்பியிருந்தார். அதை இவர் குழுவில் போடாமல் நிறுத்திவிட்டார். நான் இருக்கும்போதே அந்த மனிதர் போனில் வந்தார்.

“நான் வெளிய போனா பாதிப் பேர் என்கூட வந்துடுவாங்க சார். அப்புறம் நீங்களும் உங்க வீட்டம்மாவும்தான் குழு.”

“அச்சா. அவ அரிவாள்மணையைப் பத்தி நல்லா எழுதுவா.”

“என் பதிவைப் போடுவீங்களா, மாட்டீங்களா?”

“சாதியை எடுத்துட்டு, கைப்பிடியைக் கிட்டத்துல படம் பிடிச்சு அனுப்புங்க. உடனே போடறேன்.”

போன் துண்டிக்கப்பட்டது. உறுப்பினர்கள் வெளியேறும் தகவல்கள் வரிசையாக வரத் தொடங்கின. நடுவே, குழுவில் தங்கிவிட்ட ஒருவர் தன் தாத்தாவின் கட்டாரி குடித்த ரத்தத்தைப் பற்றி எழுதி அனுப்பினார். இந்த ஒருவரையாவது அனுசரித்துப்போவார் என்று நினைத்தேன்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. அதையும் திருப்பி அனுப்பினார்.