கட்டைவிரல் ஆற்றில் விழுந்த நாள்

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணின் வலது கட்டைவிரலைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதியை நம்பினாலும் போதும். அவள் தூங்கினாலும் அது தூங்காது. போர்வைக்கு வெளியே எழுந்து உட்கார்ந்து தனியாகத் தாளம் போடும். ஒரு நாள் பறந்துகொண்டிருந்த கொசுவின் இடது இறக்கையை மட்டும் சுண்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மறுபடி படுத்துக்கொண்டதாம். அவள் கணவன் சத்தியம் செய்கிறான். அவன் பஸ் ஓட்டுகிறவன், கண்பார்வை சரியாக இருக்கிறது என்று வருடா வருடம் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார்.

அவளுக்கு வேலை ஒரு வீடியோ கேம் கம்பெனியில். ஆட்டம் கடைக்குப் போகும் முன்பு அதை ஆடிப் பார்த்து, எந்தச் சுவருக்குள் ஆள் புகுந்துவிடுகிறான், எந்த எதிரி செத்த பிறகும் நடமாடுகிறான் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவாள். நாள் முழுக்க வெட்டுக்குத்து. சாயந்திரம் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் காய்கறிப் பையோடு திரும்புவாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே ‘கட்டைவிரல்’தான்.

அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய ஆட்டத்தின் கதை எளிமையானது. கொள்ளைக்காரர்கள் ஒரு படகுக்காரியின் தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். படகுக்காரி கையில் ஒற்றைத் துடுப்போடு ஆற்றை எதிர்த்துப் போகிறாள், வழியெல்லாம் அடிதடி. முதல் பாகம் முடிகிற இடத்தில் தங்கையின் செருப்பு மட்டும் கிடைக்கும். ஜனங்கள் பைத்தியமாகிவிட்டார்கள். தங்கை கிடைத்தாளா, இல்லையா? அதற்குத்தான் இரண்டாம் பாகம்.

தங்கை கிடைக்கிற அந்தக் கடைசிக் காட்சியைக் கட்டைவிரல் எத்தனை முறை ஆடிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் எழுந்திருப்பாள். இதை ஊர் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

ஊர் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் நடுவில் நின்றது ஒரு மரப்பாலம்.

ஆட்டத்தை உருவாக்கியவரை ஆபீசில் ‘சூறாவளி’ என்பார்கள். அவர் உள்ளே வந்தால் மேஜையில் இருக்கும் காகிதம் மட்டுமல்ல, மேஜையே கொஞ்சம் நகரும். பாலத்தில் ஐந்து கொள்ளைக்காரர்களை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் கட்டைவிரலைக் கூப்பிட்டு ஆடச் சொல்வார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஐந்து பேரையும் ஆற்றில் தள்ளுவாள்.

“என்னம்மா, சப்புன்னு இருக்கே! இன்னும் கொஞ்சம் வேகம் ஏத்தட்டுமா?”

“ஏத்துங்க சார். பார்த்துடலாம்.”

அவர் ஏற்றுவார். மறுநாளும் கொட்டாவி. அவர் மறுபடி ஏற்றுவார். மற்ற டெஸ்டர்களையெல்லாம் வேறு ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், ‘ஐயோ, முடியல’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. கட்டைவிரலுக்கோ அந்த வார்த்தையே வாயில் வராது. இப்படியே மாதக்கணக்கில் ஏறி ஏறி, கடைசியில் அந்தக் கொள்ளைக்காரர்கள் கண் இமைக்கும் நேரத்தில் மூன்று வெட்டு வெட்டுகிறவர்களாகிவிட்டார்கள்.

இரண்டாம் பாகம் வெளிவந்தது, மண்ணைக் கவ்வியது. கிழி கிழி என்று கிழித்தார்கள். ஒரு விமர்சகர், “பாலத்தைத் தாண்டியவர் யாராவது உயிரோடு இருந்தால் முகவரி அனுப்பவும், கும்பிட வேண்டும்” என்று எழுதினார். எத்தனை பேர் எதுவரை ஆடினார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். பாலம் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் ஒரு விரல் அவளுடையது.

கூட்டம் போட்டார்கள். சூறாவளி அன்றைக்குத் தென்றலைவிட மெதுவாக வந்து மூலையில் உட்கார்ந்தார். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: “கடையிலேர்ந்து எடுத்துடலாம்.”

கட்டைவிரல் எழுந்தாள். “சார், ஆட்டம் நல்லாத்தான் சார் இருக்கு. அளவு கொடுத்த ஆள்தான் தப்பு. என் விரலுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டுட்டோம்.”

யாரும் கேட்காமலே பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட பெண்ணை முதலாளி விசித்திரமாகப் பார்த்தார். “திங்கட்கிழமை வரைக்கும் பாரும்மா. அதுக்கப்புறம் பாலமும் வேணாம், ஆறும் வேணாம்.”

சூறாவளி அன்றைக்கே வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஆபீசில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினார்கள். தீர்ந்தது என்றார்கள். கட்டைவிரலுக்கு மட்டும் சந்தேகம். ஆபீஸ்காரர்கள் எல்லோருமே அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள்தானே? பாலத்தையே பார்த்திராத ஒருவர் ஆட வேண்டும் என்று, ஆட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் கடைக்குப் போனாள்.

நாத்தனார் வைத்திருப்பது லாண்டரி. சுவரோரம் எட்டு வாஷிங் மெஷின், எதிரே ஒரு நீள பெஞ்சு, மூலையில் ஒரு டிவி. துணி சுழன்று முடியும்வரை ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாத்தனாரின் வாய்க்கு ஒன்பதாவது மெஷின் என்று பெயர்.

“வாங்க அண்ணி. அழுக்கு ஏதாவது கொண்டாந்தீங்களா, இல்ல உங்க ஆட்டத்தையே துவைக்கணுமா?”

“ரெண்டாவதுதான். உட்காரு, ஆடு. நான் வாயைத் திறக்க மாட்டேன், கையை நீட்ட மாட்டேன்.”

“எங்க அண்ணன்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?”

நாத்தனார் ஆடினாள். மூன்றாவது கொள்ளைக்காரனிடம் தொபுக்கடீர். மறுபடி ஆடினாள், மறுபடி தொபுக்கடீர். துணி துவைக்க வந்த நர்ஸ் ஒருத்தி வாங்கி ஆடினாள், அவளும் ஆற்றில். ஒரு சமையற்காரர் ஆடினார், முதல் ஆளிடமே போய்ச் சேர்ந்தார். வேகம் பாதியாகியும் எல்லோரும் விழுந்தார்கள்! கட்டைவிரல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்த விரல் துடித்த துடிப்பில் பெஞ்சே ஆடியது என்று சமையற்காரர் பிற்பாடு சொன்னார்.

“அண்ணி, இதுல தாண்ட முடியும்னு எதை வெச்சு நம்பறது? நீங்க ஆடிக் காட்டுங்க பார்ப்போம்.”

கட்டைவிரல் கன்ட்ரோலரை வாங்கினாள். பின்னால் எட்டு மெஷினும் ஒன்றாக உருண்டு உறுமிக்கொண்டிருந்தன. முதல் ஆள் விழுந்தான். இரண்டாமவன் கத்தியை ஓங்கினான்.

படகுக்காரி ஆற்றில் விழுந்தாள்.

“அண்ணி விழுந்துட்டாங்க!” நாத்தனார் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார், யாரோ நிஜமாகவே விழுந்துவிட்டார்கள் என்று.

கட்டைவிரலின் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி ஆடினாள். மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தாளாம் பாருங்கள், அதைக் கேட்டுத்தான் நான் அவளுக்கு ரசிகையானேன். வேறு யாராக இருந்தாலும் ‘கன்ட்ரோலர் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள்.

“கொஞ்சம் மெஷினை நிறுத்தேன்.”

மெஷின்கள் நின்றன. கடை அமைதியானது. இப்போது ஆடினாள். ஐந்து பேரும் வரிசையாகத் தண்ணீரில். அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. அவள் பாலத்தைக் கண்ணால் தாண்டவே இல்லை, இத்தனை மாதமும் காதால் தாண்டியிருக்கிறாள்! ஒவ்வொருவனும் கத்தியை வீசும் முன்பு அவன் காலடியில் பலகை ‘கிறீச்’ என்று முனகும். ஆபீசில் எல்லோர் தலையிலும் பெரிய ஹெட்ஃபோன், அந்த முனகல் காதுக்குள்ளேயே கேட்கும். வீட்டில் ஆடுகிறவர்களுக்கோ குழந்தை அழுகிறது, குக்கர் கூவுகிறது, மாமியார் போனில் பேசுகிறார். பலகை முனகினால் யாருக்குக் கேட்கும்?

சூறாவளிக்குப் போன் போட்டாள். “சார், லேப்டாப்பை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. அப்படியே அழுக்குத் துணி இருந்தாலும் கொண்டு வாங்க.”

அவர் வந்தார். மெஷின்கள் உறும, பெஞ்சில் உட்கார்ந்தே பாலத்தைப் பழுது பார்த்தார். கத்தி வருவதற்கு முன்பு பலகை கண்ணுக்குத் தெரியும்படி லேசாகக் கீழே அழுந்த வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டைவிரல் விழுந்து விழுந்து பார்த்தாள். அழுத்தம் போதாது, இன்னும் கொஞ்சம், ஐயோ இது ஊஞ்சல் மாதிரி இருக்கு, குறைங்க. கடைசியில் நர்ஸ் மூன்று பேரைத் தள்ளினாள், சமையற்காரர் ஐந்து பேரையும் தள்ளிவிட்டுத் துணியை மறந்து வீட்டுக்குப் போனார். நாத்தனாரும் தாண்டிவிட்டாள். கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டாள்.

திருத்திய பாலம் சனிக்கிழமை இன்டர்நெட் வழியாக எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை முதலாளி கணக்கைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஜனங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்டம் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அதற்காக எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. முதல் பாகத்துக்குக் கிடைத்த பேர் இதற்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த விமர்சகர் மட்டும் இன்னொரு வரி எழுதினார்: “பாலம் தாண்டினேன். அடுத்து மலையாம். நாசமாய்ப் போங்கள், தூக்கம் போச்சு.”

கட்டைவிரல் காத்திருந்தது வேறொன்றுக்கு. ஒரு மத்தியானம் நாத்தனாரிடமிருந்து போன். “அண்ணி, கடைசிக் குடிசை வாசல்ல நிக்கறேன். பயமா இருக்கு, வாங்க.”

அவள் போய்ச் சேர்ந்தபோது மெஷின்களெல்லாம் நின்றிருந்தன. துணிகள் எப்போதோ துவைத்து முடிந்திருந்தன, எடுக்கத்தான் ஆள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சு நிறைய ஜனம், எல்லோர் கண்ணும் டிவியில். நாத்தனார் பட்டனை அழுத்தினாள். குடிசைக் கதவு திறந்தது. உள்ளே தங்கை கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன்க்கா இவ்ளோ நேரம்?”

பெஞ்சில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னாள்:

“அதை எங்க அண்ணிகிட்டக் கேளு. இதோ, பின்னாடிதான் அழுதுக்கிட்டு நிக்கறாங்க.”