கதவறைஞ்சான் சந்துக்கு ஒரு சாட்சி

என் தாய்மாமா முப்பது வருஷம் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும், கடலோரத்தில் இருக்கும் அந்தப் பழைய ஊரின் தெருப் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை ஊர் அலுவலகம் அவர் தலையில் கட்டியது. எந்தப் பெயரும் எழுத்தில் இல்லை, எல்லாம் வாய்வழக்கு. அதனால் ஒரு விதி. அந்தத் தெருவில் குடியிருந்த இரண்டு பேர், யாரும் எடுத்துக் கொடுக்காமல், ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெறும் எண்தான்.

மாமா வீடு வீடாக ஏறி இறங்கினார். உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடியும் என்பதால் ஒருக்களிச்சான் முடுக்கு. அப்படி நாற்பது பெயர் சேர்ந்தது. வலை பின்னுகிற ஒருவர் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுக் கடைசியில்தான் பெயருக்கு வந்தாராம். மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததே.

மிஞ்சியது அவருடைய சொந்தச் சந்து. ஐந்து வீட்டில் நான்கு பூட்டிக் கிடந்தன. கடல்காற்று கதவுகளை அறைந்து சாத்துவதால் அது கதவறைஞ்சான் சந்து. மாமா ஒரு சாட்சி. அங்கே வாழ்ந்தவர்களில் இன்னும் இருக்கும் மற்றொருவர், வெளிநாட்டில் என்னோடு இருக்கும் அம்மா. தாத்தாவின் அடக்கத்தை அம்மா வந்து சேர்வதற்குள் மாமா முடித்துவிட்டார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக அக்கா தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருநாள் என் போனில் அந்த ஊர் எண் வந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அம்மாவிடம் ஓடி, ஸ்பீக்கரில் போட்டேன். மாமா நலம்கூட விசாரிக்கவில்லை. பதிவேட்டுக்கு வேண்டும், நம் சந்தின் பெயர் என்ன என்று கேட்டார்.

“ஏன், உனக்கு மறந்துபோச்சா?”

“எனக்குத் தெரியும். நான் எடுத்துக் குடுக்கக் கூடாது. நீயா சொல்லணும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஞாபகம் வரலை. நாளைக்குக் கூப்பிடு.”

மறுநாளும் வரவில்லை. எதிர்வீட்டு நாய் யாரையெல்லாம் கடித்தது என்பதுவரை வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. எங்கள் ஃபிளாட்டில் கதவு அடித்துச் சாத்தினால் “கதவறைஞ்சான்” என்று திட்டுகிறவள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது. யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். தானேதான் என்றார் மாமா.

“அதான் இளைச்சுட்ட.”

“போன்ல எப்படித் தெரியுது?”

“குரலே இளைச்சிருக்கு.”

பிறகு ஒருநாள் மாமா சாதாரணமாகச் சொன்னார். பெயர் பதிய அலுவலகம் வைத்த கெடு நேற்றோடு முடிந்ததாம். காலையில் ஆள் வந்து ‘சந்து 17’ என்று தகடு அடித்துவிட்டுப் போனானாம்.

“கதவறைஞ்சான் சந்து,” என்றாள் அம்மா, மெதுவாக.

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.”

“கெடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா. அன்னைக்கே சொல்லியிருப்பேனே.”

“சொல்லியிருப்பக்கா. சொல்லிட்டுப் போனை வச்சிருப்ப.”

தகடு எந்தச் சுவரில் என்று கேட்டாள் அம்மா. பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டுச் சுவரில் என்றார் மாமா. தன் சுவரில் அடிக்க விடவில்லையாம்.