மேசைக்குக் கீழே தொப்பி

என் மகளுக்கு ஒன்பது வயது. தமிழோ நொர்வேஜிய மொழியோ, சொற்கள் அவள் வாயில் உடைந்துதான் வரும். வாசிக்கவும் முடியாவிட்டால் அடுத்த வருடம் வேறொரு சிறு வகுப்புக்கு மாற்ற வேண்டிவரும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அவளுடைய ஒரே தோழி இந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

வாசிப்புச் சோதனைக்கு, நாங்கள் குடியிருக்கும் ஹவுகெட்டோவிலிருந்து ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கள் காலத்தில் வாசிப்பு என்றால் முழு வகுப்பும் சேர்ந்து சத்தம் போடுவது. வீட்டிலும் மகளை அப்படித்தான் வாசிக்கச் சொல்வேன். அவள் திணறினால் அடுத்த சொல்லை நானே எடுத்துக் கொடுப்பேன்.

பேச்சுப் பயிற்சி ஆசிரியை ஒரு கதையை மகளின் முன்னால் வைத்தார். மகள் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் முதல் சொல்லை நான் மெல்லச் சொல்லிவிட்டேன். இரண்டாவதையும்.

ஆசிரியை சிரித்தார். "அப்பா நன்றாக வாசிக்கிறார். ஆனால் இன்று சோதனை உங்களுக்கு இல்லை."

எனக்குக் காது சுட்டது. "அவள் வாசிக்கவில்லையே" என்றேன்.

"வாசிக்கவில்லையா, சத்தம் வரவில்லையா?"

இரண்டும் வேறு வேறா? நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அவர் ஓர் அட்டையில் ஏதோ எழுதி, எனக்குக் காட்டாமல் மகளிடம் நீட்டினார். மகள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழும்பி வந்து என் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை இழுத்தெடுத்து, மேசைக்குக் கீழே ஒளித்தாள். அடுத்த அட்டையில் எழுதியிருந்தபடி கதவைத் திறந்தாள். அதற்கடுத்ததற்கு, ஆசிரியை பரப்பிவைத்த படங்களில் கதைக்குப் பொருந்தியதைத் தொட்டுக் காட்டினாள். சத்தமேயில்லை. அந்த எழுத்தெல்லாம் எந்த வழியால் உள்ளே போகிறது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயதுக்கேற்றபடி வாசிக்கிறாள். உதவி பேச்சுக்குத்தான் வேண்டும். வகுப்பு மாற்றத் தேவையில்லை என்று எழுதுகிறேன்" என்றார் ஆசிரியை.

திரும்பும் ரயிலில் மகளிடம் கேட்டேன். "பிள்ளை, எப்ப இருந்து இப்பிடி வாசிக்கிறாய்?"

"மு... முந்தியே."

"ஏன் அப்பாவுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ச... சத்தமா எல்லோ வாசிக்கச் சொன்னனீங்கள்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, ஆசிரியை கொடுத்துவிட்ட ஓர் அட்டையின் பின்பக்கம் எழுதி நீட்டினாள்.

உதட்டை அசைக்காமல் வாசித்துப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அட்டையில் இப்படி இருந்தது: "தொப்பி எங்கே, அப்பா?"

கையை மெல்லத் தலைக்குக் கொண்டுபோனேன்.