உதறாமல் துணியை மடிக்காதவர்

மரகதக்காவின் மகள் கவிதா போன் செய்தபோது தையல் லைன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "அம்மா காலையில எந்திரிக்கவே இல்லீங்க" என்று மறுபடியும் சொன்னாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு வாரமாக நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷி. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், "கேஸுதான், சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று என் வாயை அடைத்தார். மரகதக்காவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.

அவரோடு வேலை செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், கீழே நூல் குடோனும் மேலே தையல் லைனுமாக இருக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கைக்குழந்தை உடுப்பு தைத்துக் கொடுக்கிறோம். மரகதக்கா லைன் சூப்பர்வைசர். நான் செக்கிங். பீஸ் சீக்கிரம் வர வேண்டும் என்பது அவர் வேலை. வந்த பீஸில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. பிறகு எப்படி ஒத்துப்போகும்? நான் ஒரு பண்டலைத் திருப்பினால், "உனக்குக் கண்ணா, பூதக்கண்ணாடியா" என்பார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய கொள்ளுப் பருப்பில் பாதி என் தட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார்.

தையல் மெஷினுக்குத் துடைக்கிற துணி எவ்வளவு முக்கியம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஊசிக்குக் கீழே எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பீஸில் ஒரு பொட்டு பட்டால் போச்சு. அதனால் ஒவ்வொரு பண்டலுக்கும் முன்னால் மேடையைத் துடைக்க வேண்டும். பனியன் ஊரில் இருந்துகொண்டு துணிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். கட்டிங் கழிவு எல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போய்விடும், அதில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆகவே அவரவர் வீட்டுப் பழந்துணியை அவரவரே கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம். ஒரு மேடையில் மாமனார் லுங்கி கிடக்கும், ஒன்றில் கிழிந்த நைட்டி, ஒன்றில் தலையணை உறை, ஒன்றில் பையனுடைய பள்ளிக்கூட டவுசர். துணியைப் பார்த்தே இது இன்னார் மெஷின் என்று சொல்லிவிடலாம். யார் வீட்டில் புதுப் பெட்ஷீட் வாங்கினார்கள் என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

ஒரிசாவிலிருந்து வந்த பூர்ணிமாவிடம் மட்டும் அப்படி எதுவும் இல்லை. ஒரு பையோடு ரயில் ஏறி வந்தவளுக்குப் பழந்துணி ஏது? இருப்பதெல்லாம் உடுத்துகிற துணி. பக்கத்து மெஷின் செல்வி, தன் மகளின் மாம்பழப் படம் போட்ட பழைய கவுனை நடுவில் கிழித்து அவளுக்குப் பாதி கொடுத்தாள். செல்வி அருப்புக்கோட்டைப் பக்கம். புருஷன் விட்டுப் போனவள். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்து தைக்கிறாள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் செல்வியின் மெஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது தினமும் நடக்கிற காரியம். ஆனால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். துண்டுகளைப் பொருத்திக் காட்டினால்தான் புது ஊசி. கைக்குழந்தை போடுகிற துணி பாருங்கள், அதற்குள் ஒரு முனை தங்கிவிட்டால் நினைக்கவே பயமாக இருக்கிறது. செல்வியிடம் மேல் துண்டு இருந்தது, நடுத்துண்டு இருந்தது, முனையைக் காணோம். மரகதக்கா கையைத் தூக்கினார். லைன் நின்றது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்க, மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தரையெல்லாம் இழுத்தோம். செல்வி தைத்த பீஸ்களை நான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். விரல் நுனி எரிந்தது. இரும்பு இருந்தால் கத்துகிற மெஷின் பெரிய கம்பெனியில்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை. கீழே சரக்கு வேன் காத்திருந்தது. மேனேஜர் மூன்று முறை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்று அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏனுங்க்கா, ஒரு முனைதானுங்களே. பழைய ஊசியில ஒண்ண ஒடச்சு ஒட்டி அனுப்பிச்சரலாங்க. இல்லீன்னா இந்தப் புள்ளைய நாளையிலிருந்து வேண்டான்னுதான் சொல்லோணும். கம்பெனி ரூலு அப்படி இருக்குதுங்க" என்றார் அக்காவிடம்.

செல்வி மெஷினைப் பிடித்தபடி நின்றாள்.

மரகதக்கா சத்தம் போடவில்லை. அவர் கோபத்தில் சத்தம் போடுகிற ஆளே இல்லை, அதுதான் பயம். "சார், அந்தக் கொழந்தைக்கு நம்ம பேரு தெரியாதுங்க. குத்துனா மட்டுந்தான் தெரியும். முனை கெடைக்காம ஒரு பீஸு கீழ எறங்காதுங்க. இந்தப் புள்ளையும் எறங்காது" என்றார்.

எனக்கே எரிச்சலாக இருந்தது. கிடைக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம், விடிய விடிய நிற்பதா என்று அவர் காதருகே கேட்டேன். "நிக்கலாம், காலு இருக்குதல்ல" என்றார். பிறகு செல்வியின் பக்கம் திரும்பினார். "ஊசி ஒடஞ்சதும் மொதல்ல என்ன பண்ணுன, கண்ணு?"

"எண்ணெ தெறிச்சிச்சுக்கா. தொடச்சேன்."

எல்லோரும் அதைத்தான் செய்வோம். மேடையில் ஏதாவது தெறித்தால் கை தானாகத் துணிக்குப் போகும். யோசித்தா செய்கிறோம்? முனை துணியோடு போயிருக்கிறது.

துடைக்கிற துணிகளை எல்லாம் நடுவில் கொண்டுவந்து குவிக்கச் சொன்னார். தன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொரு துணியையும் அதன்மேல் உதறினோம். எவர்சில்வர் தட்டில் இரும்பு விழுந்தால் கேட்கும். லுங்கி, நைட்டி, தலையணை உறை. ஒரு கிழிந்த உள்பனியன் வந்தபோது பின்னாலிருந்து ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வியின் கவுனை மட்டும் மூன்று தடவை உதறினார். நூல் பிசிறுதான் விழுந்தது. இதற்கிடையில் ஹாஸ்டல் பெண்களுக்கு வார்டன் போன் மேல் போன் போட, மேனேஜர் பூர்ணிமாவையும் சேர்த்து அவர்களை மட்டும் கீழே அனுப்பிவிட்டார். பூர்ணிமாவின் துணியை யாரோ கேட்டதற்கு, மாம்பழக் கவுனைத்தான் பார்த்தாச்சே என்று இன்னொருத்தி சொல்லிவிட்டாள். நானும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

குறை பார்த்துப் பார்த்து வயிறு கழுவுகிறவள் நான். கை இல்லாத சட்டை கண்ணில் பட்டால் விடமாட்டேன். உதறிப்போட்ட குவியலில் அந்தக் கவுன் ஒரு கையோடு கிடந்தது.

"அக்கா, இன்னொரு கை எங்க?" என்றேன்.

செல்வி அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் துணி கீழே விழுந்து கிடந்ததால், பக்கத்திலிருந்த பூர்ணிமாவின் துணியை எடுத்துத் துடைத்திருக்கிறாள். பயத்தில் அது மறந்தே போயிருக்கிறது.

மரகதக்காவுக்கு மூட்டுவலி. படியிறங்கினால் கைப்பிடியை விடமாட்டார். அன்றைக்கு எனக்கு முன்னால் இறங்கினார், தட்டு கையில் இருந்தது. ஹாஸ்டல் வேன் கேட்டைத் தாண்டுகிற நேரம். வாட்ச்மேன் வேனை நிறுத்தி, விஷயத்தைப் பாதி கேட்டுவிட்டு, பூர்ணிமாவின் பையைப் பிடித்து இழுக்கப் போனான். "கைய எடு" என்றார் அக்கா. அவன் எடுத்துவிட்டான். பிறகு பூர்ணிமாவைப் பார்த்து, மெஷினைத் துடைப்பதுபோலக் கையால் காட்டி, "கப்டா, கண்ணு. தொடைக்கிற கப்டா" என்றார். துணிக்கு இந்தியில் கப்டா, அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

"செல்வி அக்கா குடுத்தது. கழுவி நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் பைக்குள்ளிருந்து சுருட்டிய துணியை எடுத்தாள். திருடி என்று நினைத்துவிட்டார்களோ என்று அவள் கண் கலங்கியிருந்தது. அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். வேன் இஞ்சினை அணைக்கச் சொன்னார். படியிலேயே தட்டை வைத்து, சுருட்டலைப் பதறாமல் பிரித்து உதறினார்.

ணிங் என்றது.

எள்ளளவுதான் இருக்கும். மேனேஜர் அந்தத் தட்டைப் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மேலே போனார். செல்வி படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "ஊசி ஒடஞ்சா கையத் தூக்கு, துணியத் தொடாத. இனிமே தொட்டீன்னா நானே உன்ன ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுருவேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அவள் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை மரகதக்கா ஒரு மஞ்சப் பையோடு வந்தார். உள்ளே வெளுத்த வெள்ளை வேட்டிகள், பச்சைக் கரை போட்டவை. அவருடைய வீட்டுக்காரர் இறந்து வெகு காலமாகியும் பீரோவில் மடித்து வைத்திருந்தவை. கலர் துணியில் முனை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, இனி லைனில் வெள்ளைதான் என்று சொல்லிக்கொண்டே கரையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் கிழித்தார். அந்தக் கரையாலேயே ஒவ்வொரு துண்டையும் மெஷின் காலோடு கட்டினார். துணி ஒரு மெஷினை விட்டு இன்னொன்றுக்கு நடக்கக்கூடாதாம். பூர்ணிமாவுக்கும் ஒன்று. யாருக்கும் அதில் எண்ணெய் துடைக்கக் கை வரவில்லை. "ஏனுங், இப்படிப் போட்டுக் கிழிக்கறீங்களே" என்று நான்தான் கேட்டேன். "மனுசன் போயிட்டாரு. வேட்டி பீரோவுக்குள்ள படுத்துட்டு யாருக்காகக் காத்துட்டு இருக்குது?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கிழிக்கும்போது மட்டும் ஒவ்வொரு துண்டையும் முகத்தருகே கொண்டுபோனார், நூல் பிசிறு பார்க்கிறாராம். நான் நம்பவில்லை.

இப்போது அக்காவின் காரியம் முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் உடுத்திய துணிகளைச் சொந்த ஊரான கொமரலிங்கத்துக்குக் கொண்டுபோய் அமராவதி ஆற்றில் விடுவதற்காகக் கவிதா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று என்னைப் பார்த்து, "அப்பா வேட்டி ஒண்ணுகூட இல்லீங்க. எங்கியோ குடுத்துப்போட்டாங்க. எத்தன தடவ கேட்டும் வாயத் தொறக்கல. அந்தக் கோவத்துல நான் ரெண்டு பொங்கலுக்கு வரவே இல்ல" என்றாள். கையிலிருந்த சேலையை மூட்டைக்குள் திணித்தாள், குத்துவதுபோல.

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அப்பா வேட்டியில் மெஷின் எண்ணெய் துடைத்தோம் என்று துக்க வீட்டில் எப்படிச் சொல்வது? சொன்னேன். முழுவதும் சொன்னேன், ணிங் என்றது வரைக்கும். அவள் மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். வெளியே போகச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். என்கூட வந்திருந்த செல்வி மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். துவைத்துத் துவைத்து வலை போலாகிவிட்ட வேட்டித் துண்டு, பச்சைக் கரை முடிச்சோடு. அன்று காலைதான் தன் மெஷின் காலிலிருந்து அவிழ்த்திருந்தாளாம்.

"அன்னைக்கு அப்புறம் இதுதாங்க என் வேலையக் காப்பாத்துச்சு. நீங்க வச்சுக்கோங்க" என்றாள்.

கவிதா அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் வாடைதான் அடித்திருக்கும். அவள் அதை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. தாயைத் தூக்கும்போதுகூட அவள் அப்படி அழவில்லை என்றார்கள். அடங்கியதும் மூட்டையைப் பிரித்தாள். அம்மா டூட்டிக்கு உடுத்தி வருகிற நீலப் பூப்போட்ட நூல் சேலையை எடுத்து என் மடியில் போட்டாள். "ஆத்துல விட்டு என்னங்க பண்றது. நீங்க தொடைக்கறதுக்கு வெச்சுக்கோங்க" என்றாள்.

அவர் போட்ட சட்டப்படி அந்தச் சேலை லைனுக்குள் வர முடியாது, கலர். அதனால் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தரி வைக்க மனசு வராமல் கையாலேயே கிழித்தேன். அதில் ஒரு துண்டு இப்போது அடுப்பு மேடையில் கிடக்கிறது. துடைத்து முடித்ததும் ஒரு தட்டை எடுத்து வைத்து அதன்மேல் உதறுகிறேன். என் வீட்டு அடுப்படியில் ஊசி எங்கிருந்து வரும்? தெரியும். இருந்தாலும் உதறிவிட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்ற பிறகுதான் மடிக்கிறேன்.