அத்தையின் கட்டிலுக்கு நாலு பலகை

அத்தை சுரண்டையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது கூடவே அவளுடைய கட்டிலும் இறங்கியது. கல்யாணத்துக்கு அப்பா தன் தங்கைக்குச் செய்துகொடுத்த தேக்குக் கட்டில். படுக்கையைத் தாங்கும் குறுக்குப் பலகைகளில் நாலு முறிந்திருந்தன. கொடுத்தவர்கள்தான் சரிசெய்து தர வேண்டும் என்று சொல்லி, மாமா கட்டிலையும் அத்தையையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

எப்படி முறிந்தது என்று அப்பா கேட்டார். உளுத்துப் போய்விட்டது என்றாள் அத்தை. உளுத்த மரம் என்றால் பொடி உதிர வேண்டும். நான் ஒரு துண்டைத் தரையில் தட்டிப் பார்த்தேன்; ஒன்றும் உதிரவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டாள்.

அப்பாவுக்குத் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை. தச்சு வேலை ஆசைக்குச் செய்வது. எனக்கு ஒரு சாய்வு மேசையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்தவர், இந்த நாலு பலகைக்கு எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்து எட்டு வயதுப் பெண்ணான எனக்கே வெட்கமாக இருந்தது. உள்ளூர் மரம் ஆகாது என்று, அப்போது திருவிதாங்கூர் சீமையாக இருந்த செங்கோட்டைக்குப் போய் வேங்கை வாங்கிவந்தார். ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசியில் எங்கள் தெருவரைக்கும் வந்து தூறிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அத்தை பலகைகளைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் காயலண்ணே" என்பாள். அப்பாவும் தொட்டுப் பார்த்துவிட்டு ஆமோதிப்பார். காய்ந்ததும் இழைத்தார். இழைத்ததையே மறுபடி இழைத்தார். ஒருவழியாகப் பலகைகள் கட்டிலில் ஏறின. வந்த நாளில் இடது கையைத் தூக்க முடியாமலிருந்த அத்தை, அதற்குள் குடம் எடுக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆவணி பிறந்ததும் மாமா வண்டியோடு வந்தார். கட்டில் முடிந்ததா என்று வாசலில் நின்றபடியே கேட்டார். மரத்தில் ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார் அப்பா. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் காஞ்சிட்டு மாமா. நேத்து நான் ஏறிக் குதிச்சேன், அசையவே இல்ல."

பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குதித்தும் காட்டினேன்.

மாமா அத்தையைப் புறப்படச் சொன்னார். அவள் உள்ளே போய்த் துணிமூட்டையை எடுத்துவந்தாள். அப்பா தரையில் கிடந்த இழைப்புச் சுருள்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கட்டில் சரியாயிட்டு மாப்ள. ஏத்திக்கிட்டுப் போங்க. எந்தங்கச்சி இங்கன இருக்கட்டும்."

மாமா சத்தம் போட்டார். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். அப்பா குரலை உயர்த்தவில்லை.

"மரம் உளுக்கல மாப்ள. நான் பார்த்தேன்."

மாமா கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்தார். வண்டி கட்டிலோடு போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. ஒரு மாதம் பாடுபட்ட கட்டிலை இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டால் அத்தை இனி எதில் படுப்பாள் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். அன்று மத்தியானம் அத்தை கூடத்து வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்து, விளக்கு வைக்கும் நேரம்வரை அசையாமல் தூங்கினாள். அவ்வளவு நல்ல கட்டிலைப் பறிகொடுத்தவளுக்கு எப்படி இப்படித் தூக்கம் வருகிறது என்று, நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.