காலி டிஸ்க்கில் இடமில்லை

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் கேமரா படம் எடுக்கும். பக்கத்தில் நிற்பவர் தன் குறிப்பை அந்தப் படக் கோப்போடு ஒட்டிவைக்கலாம். கோப்புக்குப் பெயர், தேதி இருப்பது போல இதுவும் ஒரு கூடுதல் தகவல். எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட் என்போம். என் லேப்டாப்பில் எல்லாச் சோதனையும் தேறியது. லைன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு கேன்டீனில் பொங்கலோடு உட்கார்ந்தேன்.

பாதிப் பொங்கலில் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், டிஸ்க்குல இடமில்லைன்னு வருது."

"நேத்துதானே புதுசு போட்டீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

அவர் வடக்குப்பட்டுக்காரர். கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாத மனிதர். நான் போவதற்குள் சோதனைப் படங்களை எல்லாம் அழித்துவிட்டு, ஸ்டோரிலிருந்து இன்னொரு டிஸ்க்கும் வாங்கி மாட்டியிருந்தார். அதுவும் இடமில்லை என்றது. எனக்கு முகம் சூடேறியது. சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாப் படங்களுக்கும் இந்தப் பிழை வரவில்லை என்பதைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தேன். பிழை வந்தவை எல்லாம் லைனின் கடைசி மேஜையில் பாகங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும் அக்காவுடையவை. திரையில் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கீறல் எந்த ஓரத்தில், எவ்வளவு நீளம், நேற்றைய லாட்டில் எப்படி இருந்தது, எந்த டிரேயில் வந்தது என்று பக்கம் பக்கமாகப் போனது.

"இவ்ளோ எழுதுவீங்களாக்கா?"

"எதுனா பாத்தா எழுதுன்னு நீதானம்மா சொன்ன. பாத்தத எழுதிகினு கீறேன்."

சோதனையில் நான் எழுதியதோ ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்; தமிழில் ஒவ்வோர் எழுத்தும், புள்ளியும், கொம்பும் தனித்தனியே மூன்று பைட் பிடிக்கும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் வேறு வேறு. என்னுடையதில் ஒரு குறிப்பு அறுபத்து நாலு கிலோபைட் வரை போகலாம். லைனில் இருந்ததில் ஏறக்குறைய நாலுதான். அதைத் தாண்டினால், குறிப்பு பெரிது என்று சொல்லாமல் இடமில்லை என்று சொல்லிவிடுகிறது.

"அப்போ நான் டிஸ்க்கு மாத்துனது?" என்றார் சூப்பர்வைசர்.

"வேஸ்ட்டுதான் சார்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் மூச்சு வந்தது.

அந்த வாரம் சோதனையை மாற்றி எழுதினேன். எந்த அளவையும் முன்கூட்டி நம்பாமல், குறிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, டிஸ்க் எங்கே மறுக்கிறதோ அதுதான் அங்கு எல்லை என்று சோதனை தானே கண்டுகொள்ளும். சோதித்துப் பார்த்த ஒரு பென் டிரைவில் குறிப்பை ஒட்டும் வசதியே இல்லை. அங்கே சோதனை பேசாமல் ஒதுங்கிக்கொண்டது. மென்பொருளையும் திருத்தியதில், எல்லையைத் தாண்டும் குறிப்பு படத்துக்குப் பக்கத்தில் தனிக் கோப்பாகச் சேர்ந்தது.

அப்படிச் சேர்ந்தவற்றை சூப்பர்வைசர் டீ நேரத்தில் படிக்க ஆரம்பித்தார். கீறல்கள் பெரும்பாலும் ஒரே டிரேயிலிருந்து வந்தன. அதன் உள்பக்கம் ரப்பர் ஒட்டச் சொன்னார்.

"இனிமே சுருக்கி எழுதணுமாம்மா?" என்று அக்கா கேட்டார்.

வேண்டாம் என்றேன்.